சீட்டுக்கடியில் ஒரு வயர்த் துண்டு

ஸியாமுக்கு இடுப்பு காலையிலேயே பிடித்துக்கொண்டது. கொட்டாஞ்சேனைக் கராஜில் லொறிக் கியர்பாக்ஸ் ஒன்றைத் தூக்கிய வலி. அதோடுதான் பின்னேரம் வெள்ளவத்தைத் திடலின் தகரக் கொட்டகைக்குள் குனிந்து நின்றான். எதிரே, ஆள் ஏறி இருந்து ஓட்டும் புல்வெட்டி.

"ஒருக்கா ஸ்டார்ட் ஆகுது, ஒருக்கா ஆகுதில்லை தம்பி," என்றாள் திடலைப் பார்த்துக்கொள்ளும் ஜெயராணி. "ஏறி இருந்தா பிடிக்காது. இறங்கி நிண்டு சாவியைத் திருப்பினா பிடிக்குது. ஏற்கெனவே ஆரோ சீட்டில இருக்கினமாம் எண்டு புது டிரைவர் பகிடி விடுறான்."

"பெட்டரியாத்தான் ஈக்கும் அக்கா."

"எதெண்டாலும் இண்டைக்கே முடியுங்கோ. சிவம் அண்ணையின்ர விசயமா நாளைக்கு இன்சூரன்ஸ்காரர் வாறார். எல்லாத்தையும் கழட்டிப் பார்ப்பாராம்."

அவள் குடையை விரித்துக்கொண்டு போனாள். மழை தகரத்தில் அடித்தது. கதவைச் சாத்தினான்.

பெட்டரி நன்றாக இருந்தது. பியூஸும் அப்படியே. டெர்மினலில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினான். வெட்டிப் புளித்த புல்லின் வாடையும் பெற்றோல் வாடையும் ஈரத் தகரத்தின் வாடையும் கலந்து தொண்டையில் இறங்க, அவற்றுக்கடியில் மெல்லியதாய் வேறொரு மணமும் வந்தது. முழங்காலுக்குப் பூசும் தைலம். பழைய டிரைவர் சிவபாதசுந்தரம் அதைப் பூசாமல் சீட்டில் ஏறுவதில்லை.

பழுது எங்கே என்று தேடுவதற்காக ஸியாம் வரவில்லை. மாசியில் சீட் சுவிட்ச் பழுதானது. ஓட்டுகிறவன் எழும்பியதும் எஞ்சினை நிறுத்துவது அது. புதியது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் நேரே இணைத்துவிட்டு, பில்லில் புது சுவிட்ச் என்று எழுதினான். எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலைதான். சித்திரையில் சிவபாதசுந்தரம், அடைத்த புல்லை எடுக்க இறங்கினார். பிளேட் நிற்கவில்லை; ஒரு காலைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இரத்தம் முடிந்துவிட்டது.

செத்த வீட்டுக்கு ஸியாமும் போனான். கதிரையில் இருந்தான், சோடா குடித்தான், வந்தான். மனதில் ஒன்றும் வரவில்லை.

இப்போதும் வரவில்லை. சீட்டைத் தூக்கி, அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப்பைக்குள் போட்டான். சுவிட்சை ஆரோ கழட்டிவிட்டதாகத்தான் நினைப்பார்கள்; இனி எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நிச்சயத்துக்காக, அறுந்த இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தான். முனைகள் இணைந்திருந்தால்தான் அது கத்தும்; இப்போது சத்தம் வரக்கூடாது.

வரவில்லை.

சீட்டை இறக்கி, பக்கவாட்டால் கையை விட்டு மறுபடி வைத்தான்.

பீப்.

நின்றது. மறுபடி பீப். இருக்கிறவர் சற்று அசைந்து சரியாக இருந்துகொள்வது போல.

நிமிர்ந்தான். தூசி படிந்த ரெக்சினில் இரண்டு பள்ளங்கள் மெதுவாக அமிழ்ந்துகொண்டிருந்தன. ஸ்பிரிங் முனகியது. தைல மணம் இப்போது முகத்துக்கு நேரே.

சாவி அவன் கையில் இருந்தது.

எஞ்சின் பிடித்தது.

கீழே பிளேட் சுழன்றது. காய்ந்த புல் அவன் காலில் தெறித்தது. கதவு மெஷினுக்கு அந்தப் பக்கம்.

பள்ளங்கள் மேலெழும்பின. சீட் வெறுமையானது. ஆள் இறங்கினால் எஞ்சின் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

சீமெந்துத் தரையில் ஒரு கால் ஊன்றும் சத்தம். பிறகு, இழுபடும் சத்தம். மறுபடி அதே கால்.

ஸியாம் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான்.

சிவபாதசுந்தரத்துக்கு அவன் இன்னும் ஒரு சீட் சுவிட்ச் கொடுக்க வேண்டியிருந்தது.