வெயிலில் காயாத பெட்டி

காலை ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் திறந்து வைத்த வயலின் பெட்டி, மாலை நான்கு மணிக்கு ஈரமாக இருந்தது. பக்கத்துக் கொடியில் போட்ட போர்வை அப்பளமாக விறைத்து நின்றது. முறத்தில் கிடந்த மிளகாய் கைபட்டால் நொறுங்கியது. மதுரை கோச்சடையின் வெயிலுக்குப் பயந்து காக்கைகள்கூடத் தண்ணீர்த் தொட்டியின் நிழலை விட்டு நகரவில்லை. ஆனால் பாக்கியம் பெட்டிக்குள் கையை வைத்து அழுத்தியதும், ஊதா வெல்வெட்டிலிருந்து விரலிடுக்குகளில் தண்ணீர் பிதுங்கியது. வெதுவெதுப்பான தண்ணீர்.

கொண்டுவந்தபோது அதில் வாடைதான் இருந்தது, ஈரமில்லை. யாராவது தண்ணீரைக் கொட்டிவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தாள். மாடிக்கு அவளைத் தவிர யாரும் வரவில்லை.

பெட்டி அவளுடையதல்ல, டயானாவுடையது. பத்தொன்பது வருடமாக ஆலயத்துப் பாடகர் குழுவில் முதல் வயலின் பாக்கியம்தான். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர், தாளம் பிசகாதவள், இருமல் காய்ச்சல் என்று ஒரு ஞாயிறும் மட்டம் போடாதவள். இந்த வருடம் கல்யாணமாகி ஊருக்கு வந்த டயானா ஒரே ஒரு கீர்த்தனையை வாசித்துக் காட்டினாள். குழுவை நடத்தும் ஜூடு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அறுப்பின் பண்டிகைக்குத் தனி வாசிப்பு டயானாவுக்குப் போய்விட்டது. "டீச்சர், இந்த ஒரு தடவ நீங்க ரெண்டாவது நாற்காலில உக்காந்து அந்தப் பிள்ளைக்குத் துணையா வாசிங்க" என்றார். பாக்கியம் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஜெபம் பண்ணியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

ஒரே ஆறுதல் டயானாவின் பெட்டி. எங்கேயோ பழைய சாமான் கடையில் வாங்கியதாம். அவள் திறந்தாலே நனைந்த கோணிச்சாக்கும் எலிப்புழுக்கையும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை கிளம்பும். பாடுகிற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். அது பாக்கியத்துக்கு உள்ளூரக் குளிர்ச்சியாக இருந்தது. அத்தனை பேர் முன்னாலும் பெரிய மனசுக்காரியாகத் தெரிய வேண்டும் என்றுதான், "பொட்டியக் குடும்மா, நான் வாடைய எடுத்துத் தாரேன்" என்று வாயை விட்டாள். டயானா வயலினை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்தாள்.

"நல்லாக் காயவிட்டு மூடுங்க டீச்சர்" என்றார் ஜூடு. "ஈரத்தோட மூடுனா உள்ளயே கிடந்து புழுங்கிரும்."

புழுங்குவது. காயாத துணிக்கும் அந்தச் சொல்தான், காற்றில்லாத மதியத்துக்கும் அந்தச் சொல்தான், அடுத்தவள் நன்றாயிருந்தால் பொறுக்காதவளுக்கும் அதே சொல்தான். தன்னைத்தான் சொல்கிறாரோ என்று பாக்கியத்துக்கு முகம் சுருங்கியது.

பெட்டி காயாமல் போன மறுநாள் வெல்வெட்டைத் துணியால் ஒற்றியெடுத்து, சமையல் சோடாவைத் தூவி வைத்தாள். சாயந்திரம் பார்த்தால் சோடா கூழாகிக் கிடந்தது. அதை வழித்துவிட்டுக் காப்பித்தூளை மெல்லிய துணியில் முடிந்து வைத்தாள். முடிச்சு ஊறி, பெட்டியின் அடியில் கறுப்பாகத் தேங்கியது. வாடை இப்போது மாடியைத் தாண்டிப் படியில் இறங்கி, அடுப்படிக்குள் நின்றது. சோற்றில் வீசியது. அவள் தலையணையில் வீசியது.

"உங்களுக்கு வாடை வரலையா?" என்று கணவர் கிருபாகரனிடம் கேட்டாள்.

அவர் பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தார். "என்ன வாடை? எனக்கு ஒண்ணும் தெரியலையே பாக்கியம்."

அப்போது இரண்டு தெரு தள்ளி டயானா வாசித்துப் பழகத் தொடங்கினாள். நீளமான, கலங்காத ஒரு சுரம் மாடிகளுக்கு மேலே மிதந்து வந்தது. எவ்வளவு நன்றாக வாசிக்கிறாள் என்று பாக்கியம் நினைத்தாள். நினைத்ததும் நெஞ்சு கசந்தது. கை பெட்டிக்குள் இருந்தது. உள்ளங்கைக்குக் கீழே வெல்வெட் சூடானது. மெல்ல எழும்பியது. மெல்லத் தாழ்ந்தது.

கையை உருவிக்கொண்டாள். விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல் சுருங்கியிருந்தன.

சனிக்கிழமை திருத்த வேண்டிய விடைத்தாள்கள் குவிந்து கிடந்தன. காலை முழுக்க அவளுக்கு டயானா நினைப்பே வரவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனால், பெட்டி பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்திருந்தது. கடைசியாக அடியில் வைத்திருந்த வெட்டிவேரின் மணம் மட்டும். பாக்கியத்துக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நாளைக்குக் கொடுக்கும்போது நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

கைப்பேசி அடித்தது. ஜூடு.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவ மட்டும்னு சொன்னேன்ல? இனிமே முத நாற்காலி அந்தப் பிள்ளைக்கே இருக்கட்டும்னு எல்லாரும் சொல்றாங்க."

"அதுக்கென்ன தம்பி. நல்லது" என்றாள் பாக்கியம்.

வைத்துவிட்டு, தொட்டிக் குழாயில் ஒரு குவளை தண்ணீர் பிடித்தாள். வெல்வெட் முழுக்கப் பரவலாக ஊற்றினாள். நாளைக்கு டயானாவின் வயலின் இதற்குள் கிடந்து ஊறட்டும், ஒட்டு விடட்டும், பிளக்கட்டும். மூடியைச் சாத்தி இரண்டு கொக்கிகளையும் மாட்டினாள்.

"கிடந்து புழுங்கு" என்றாள். சத்தமாகவே சொன்னாள்.

உள்ளே யாரோ ஒரு மடக்கு விழுங்கினார்கள்.

வெயில் கொளுத்தியது. தெருவில் ஐஸ்காரரின் மணி கேட்டது. பாக்கியம் நின்ற இடத்திலேயே நின்றாள். காது கூர்ந்தது. மறுபடி ஒரு மடக்கு. அப்புறம் ஒன்றுமில்லை. திறந்து பார்த்துவிடலாம். இரண்டு கொக்கிதான். அவள் திறக்கவில்லை.

ஞாயிறு காலை அறுப்பின் பண்டிகைக்காக ஆலயத்தில் பூசணியும் கரும்பும் வாழைத்தாருமாகப் பீடத்தின் முன்னே அடுக்கியிருந்தார்கள். டயானா பெட்டியை வாங்கி மடியில் வைத்துத் திறந்தாள். பாக்கியம் அவள் முகத்தையே பார்த்தாள்.

"அம்புட்டும் போயிருச்சு டீச்சர்" என்றாள் டயானா. வெல்வெட் புதுத்துணிபோல மின்னியது. சொட்டு ஈரமில்லை. அவள் கட்டிக்கொள்ள நெருங்கி வந்தாள். பாதியில் நின்றாள். முகம் லேசாகச் சுளித்தது. மரியாதைக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துபோய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாசிக்கத் தொடங்கினாள். பாக்கியத்துக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. காற்றாடி தலைக்கு மேலே சுற்றியது, காற்றுப் படவில்லை. பக்கத்தில் இருந்த பெண் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். பின்னால் ஒரு குழந்தை குமட்டியது. எதிர்ப் பெஞ்சில் கிருபாகரன் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார். அவர் பார்வை மனைவி மேலேயே இருந்தது.

வாசிப்பு முடிந்தது. அப்படியொரு வாசிப்பை அந்த ஆலயம் கேட்டதில்லை. பாக்கியத்துக்குக் கண் நிறைந்தது. பொறாமை எங்கே போனதென்று தெரியவில்லை. டயானா திரும்பி அவளையே பார்த்தாள். டீச்சர் என்ன சொல்வார் என்று காத்திருந்தாள்.

நல்லா வாசிச்சம்மா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். மனதாரச் சொல்ல வேண்டும்.

நாக்கு புரளவில்லை. நுனி மேலண்ணத்தில் பட்டது. மெத்தென்றிருந்தது. ரோமம் ரோமமாக.

விரலை வாய்க்குள் விட்டாள். கன்னத்தின் உட்புறம் துணி. ஈரத் துணி. ஈறின் ஓரம் முழுக்கத் தையல். தொண்டை வரைக்கும் அது ஒட்டிப் பரவியிருந்தது. சூடாக இருந்தது. மெல்ல எழும்பித் தாழ்ந்தது. அவள் அழுத்தினாள். ஊதா நிறத் தண்ணீர் உதட்டோரம் வழிந்து, தாடையில் இறங்கி, வெள்ளைச் சேலையில் சொட்டியது. டயானா இன்னும் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.