ஒருமுறைகூடப் போடாத சிடி

சனிக்கிழமை, மாலை நான்கு மணி.

பெவர்லி வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். உள்ளே சிடி இல்லை.

ஜன்னலுக்கு வெளியே பிளாக்பூல் கடற்கரையைப் பனிமூட்டம் விழுங்கியிருந்தது. கடல் இருந்த இடத்தில் வெறும் வெண்மை. எங்கிருந்தோ ஒரு டிராமின் மணி மட்டும் மிதந்து வந்து, வந்த மாதிரியே போய்விட்டது.

"எவ எடுத்தா?" என்றாள் பெவர்லி.

எவன் என்று கேட்கவில்லை. எவ என்றுதான் கேட்டாள். கேட்கும்போதே அவள் கண் ஜனீன் மேல் இருந்தது. கேக்கைக் கடித்துக்கொண்டிருந்த ஜனீன் பாதியில் நிறுத்திவிட்டாள்.

லோரெய்ன் தன் தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். பிரெஸ்டனில் அவள் போலீஸ் சார்ஜெண்ட். இங்கே வெறும் ரசிகை. ஆண்டுக்கு ஒருமுறை நவம்பரில் பெவர்லியின் விடுதிக்கு வந்து, இரண்டு நாள் பதினைந்து வயதுப் பெண்ணாக இருந்துவிட்டுப் போவாள். அலுவலகத்தில் இந்த விஷயம் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும்.

விடுதியில் கூடுகிறவர்கள் இரண்டு கட்சி. 'பிரைட் லேன்' என்ற ஐந்து பையன்களின் பாட்டுக்குழுவைக் கொண்டாடும் கட்சிக்குத் தலைவி பெவர்லி. 'கேண்டி சிக்னல்' என்ற நான்கு பெண்களின் குழுவைக் கொண்டாடும் கட்சிக்குத் தலைவி ஜனீன். இருவரும் பள்ளித் தோழிகள். அவர்கள் படித்த நாளில், ஒரே வாரத்தில் இரண்டு குழுவும் ஆளுக்கொரு பாட்டை வெளியிட்டன. விற்பனைப் பட்டியலில் பெண்கள் முதலிடம், பையன்கள் மயிரிழையில் இரண்டாமிடம். அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

அந்தக் காலத்தில் ஒரே பாட்டை இரண்டு சிடியாக விடுவார்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு கூடுதல் பாட்டு இருக்கும். பைத்தியம் பிடித்த பிள்ளைகள் இரண்டையும் வாங்கும், இரண்டும் விற்பனைக் கணக்கில் சேரும். பையன்களின் இரண்டாவது சிடி, வந்த வேகத்தில் கடைகளிலிருந்து திரும்பப் போய்விட்டது. அதிலிருந்த மூன்றாவது பாட்டு இதே ஊர் நடனக்கூடத்தில் ரசிகைகள் நடுவே பதிவு செய்தது. யாரிடமோ அனுமதி வாங்க மறந்துவிட்டார்களாம். தப்பித்த ஒன்றிரண்டு பிரதிகளில் ஒன்று பெவர்லியிடம் இருந்தது. முதல் இரண்டு பாட்டு இணையத்தில் கிடைக்கும். மூன்றாவது எங்கேயும் கிடையாது.

அட்டையில் ஐந்து பையன்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த சிடியை யாரும் ஒருமுறைகூடப் போட்டதில்லை. போட்டால் கீறல் விழும், கீறல் விழுந்தால் மதிப்புப் போச்சு என்பது சேகரிப்பவர்களின் சாத்திரம். ஆண்டுக்கு ஒருமுறை, தேநீர் வேளையில், எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

"காலைல என்ன சொன்னே நீ?" பெவர்லி காலிப் பெட்டியை ஜனீன் முன்னால் நீட்டினாள். "தூக்கிக் கடல்ல வீசினாத்தான் இந்த வீட்ல நிம்மதின்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். போன வருஷமும் சொன்னேன், அதுக்கு முந்தின வருஷமும் சொன்னேன். ரெண்டாவதா வந்தவங்க இவ்ளோ சத்தம் போட்டா வேற என்ன சொல்றது?"

"ரெண்டாவது சிடியைக் கடைல இருந்து எடுக்காம இருந்திருந்தா யார் ரெண்டாவதுன்னு தெரிஞ்சிருக்கும்!"

"இருந்த சிடியையே ஆளுக்கு நாலு வாங்கினீங்கடி! உங்கம்மாவுக்குத் தெரியாம கட்டிலுக்கடில ஒளிச்சு வெச்சியே, ஞாபகம் இருக்கா?"

வேறொரு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். பெவர்லி கையுறையைக் கழற்றவில்லை.

"வெளிய போ, ஜனீன். இதோட முடிஞ்சுது. இனிமே கூட்டமும் வேணாம், நீயும் வேணாம்."

ஜனீன் முகம் வெளுத்தது. மாடிக்குப் போனாள். துணிப்பெட்டியோடு இறங்கி வந்து, கூடத்தில் நின்றபடி டாக்ஸிக்குச் சொன்னாள்.

"பனில வண்டி மெதுவாத்தான் வருமாம்," என்றாள் யாரிடமோ. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

லோரெய்ன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வேலை, வழக்கு, காலியான வீடு என்று போகிற வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்தது இந்த இரண்டு நாள்தான். டாக்ஸி வருவதற்குள் உண்மை வந்தாக வேண்டும்.

மாலை நாலரை.

"கடைசியா அதை யார் பாத்தது?" என்று கேட்டாள் லோரெய்ன்.

"மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி நான்தான் டேரனுக்குக் காட்டினேன்," என்றாள் பெவர்லி. "அப்ப இருந்துது. சாவி எப்பவும்போல கண்ணாடி அலமாரிக்குப் பின்னாடி ஆணில. எல்லாருக்கும் தெரியும்."

"சாப்பிட்டப்புறம் வெளிய போனது யார் யாரு?"

மூன்று பேர். டேரன், ஜனீன், க்ளிஃப். மற்றவர்கள் எல்லோரும் மாடி ஹாலில் ஒருவர் மேல் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

டேரன் பழைய சிடிகள் வாங்கி விற்கிறவன். மீசையில் கிரீம் ஒட்டியிருந்தது.

"இதை விலைக்குக் கேட்டியா?"

"மூணு வருஷமா கேக்கறேன். தரமாட்டேங்கறாங்க."

"வெளிய எதுக்குப் போனே?"

"வாசப்படில நின்னு போன் பேசினேன். இங்க பாருங்க, நான் எடுக்கறதா இருந்தா அட்டையை விட்டுட்டா போவேன்? அஞ்சு கையெழுத்தும் அட்டைலதானே இருக்கு. அட்டை இல்லாத சிடியை வெச்சு டீக்கப்புக்கு அடில போடலாம்."

லோரெய்ன் பெட்டியை மறுபடி பார்த்தாள். அட்டை பத்திரமாக இருந்தது. ஐந்து கையெழுத்தும் இருந்தன. பெட்டியைத் திறந்தவர்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கூடத்தில் ஜனீன் தன் துணிப்பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். தலைமுடியிலும் கம்பளிச் சட்டையிலும் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது.

"எங்க போனே?"

"கடற்கரைக்கு, டீக்குக் கொஞ்சம் முன்னாடி. சிகரெட் பிடிக்க. ஒரு சிகரெட் முடியறதுக்குள்ள நனைஞ்சு போயிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "லோரெய்ன், நான் எடுக்கலடி. அந்தப் பாட்டு பதிவான அன்னிக்கு நடனக்கூடத்துல நானும்தானே இருந்தேன். அவளும் நானும் ஷீலாவும், முன்வரிசைல. அந்தப் பாட்டை நான் கடல்ல போடுவேனா?"

ஷீலா, சின்ன வயதில் சோர்லி ஊரில் அவர்களுடைய பக்கத்து வீட்டு அக்கா. வயதில் பெரியவள் என்று இந்த இரண்டு வாண்டுகளையும் அன்று கூட்டிக்கொண்டு போனவள். அப்புறம் ஆண்டு தவறாமல் இந்த விடுதிக்கும் வந்தாள். எந்தக் கட்சியிலும் சேராமல் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். இந்த வசந்தத்தில் இறந்துபோனாள். அவள் கணவர் க்ளிஃப் மட்டும் இந்த முறை தனியாக வந்திருந்தார். பழக்கதோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

க்ளிஃப் கூடத்து மூலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்க போனீங்க, க்ளிஃப்?"

"சும்மா நடந்துட்டு வந்தேன் கண்ணு. கடலோரமா. இவங்க சத்தம் தாங்கல."

"ரொம்ப நேரமா?"

"ஆமா. நல்ல நடை. நாலு மணிக்குத்தான் திரும்பினேன்."

லோரெய்ன் அவர் தோளைப் பரிவோடு தட்டிக்கொடுத்தாள். தட்டிய கையைப் பார்த்தாள். பிறகு வாசலைத் திறந்து, பனிக்குள் இறங்கினாள்.

வீதிவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. கம்பமும் தெரியவில்லை, கம்பியும் தெரியவில்லை. மஞ்சளும் சிவப்புமாக வெளிச்ச உருண்டைகள் மட்டும் அந்தரத்தில் நின்றன. தான் நடப்பது பூமியிலா கனவிலா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. விடுதியின் ஓரத்தில் க்ளிஃபின் பழைய கார் நின்றது. காலையில் ரயில் நிலையத்திலிருந்து அவளைக் கூட்டிவந்த அதே கார். வழி முழுக்கப் பித்தளை வாத்தியக்குழுவின் சிடி ஒன்று காதைப் பிளந்தது. வேறு ஏதாவது போடுங்களேன் என்று அவள் கெஞ்சியபோது, "இருக்கறது இது ஒண்ணுதான் கண்ணு. மெஷின்ல இருந்து அதை எடுக்கறதே இல்ல," என்று சிரித்தார்.

கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தாள். முன் இருக்கையில் ஒரு சிடி கிடந்தது. அதன் மேல் எக்காளம் ஊதும் ஆளின் படம் இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் வரவில்லை.

மாலை ஐந்து மணி.

"பெவர்லி, ஜனீன், க்ளிஃப். மூணு பேரும் காருக்கு வாங்க. டேரன், நீ கேக்கை முடி."

"காருக்கு எதுக்கு?"

"கேள்வி கேக்காதடி. வா."

முன்னால் க்ளிஃபும் லோரெய்னும், பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு தோழிகளும். நாலு பேர் மூச்சில் கண்ணாடி எல்லாம் மங்கி, வெளியே இருந்த வெளிச்ச உருண்டைகளும் கரைந்தன.

"விற்கறதுக்கு எடுத்திருந்தா அட்டையையும் எடுத்திருப்பாங்க," என்றாள் லோரெய்ன். "பெவர்லி மேல கோபத்துல எடுத்திருந்தாலும் அந்தக் கையெழுத்தைத்தான் கிழிச்சிருப்பாங்க. இது வெறும் சிடியை மட்டும் எடுத்த ஆள். நம்ம எல்லாருக்கும் அது பார்க்கற பொருள். அந்த ஆளுக்கு மட்டும்தான் அது பாட்டு. கேக்கணும்னா என்ன வேணும்? சிடி போடற மெஷின் வேணும். இந்த வீட்ல இருக்கா?"

"என்னோடது எப்பவோ செத்துப்போச்சு," என்றாள் பெவர்லி. "இப்பல்லாம் போன்தானே."

"ஒரு சிகரெட் நேரத்துக்கு ஜனீன் வெளிய போனா. முடி, சட்டை எல்லாம் ஈரம். க்ளிஃப் கடலோரமா நல்லா நடந்தாராம். கோட்டைத் தட்டினேன். ஒரு சொட்டு ஈரமில்ல. வெளிய போனார், ஆனா ஒரு கூரைக்கடிலதான் இருந்தார். இந்தக் காருக்குள்ள. இதோ, எடுக்கறதே இல்லைன்னு சொன்ன சிடி என் மடில இருக்கு. அப்ப மெஷினுக்குள்ள இருக்கறது எது, க்ளிஃப்?"

க்ளிஃப் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

"நான்தான்," என்றார். "நாலு மணிக்குள்ள திருப்பி வெச்சிடணும்னுதான் நெனச்சேன். ஜனீன் பேரு அடிபட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல."

"கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்த பெவர்லி பாதியில் நிறுத்தினாள்.

"ஈஸ்டருக்குப் போன் பண்ணி, ஒரு தடவை போட்டுக் காட்டுன்னு கேட்டேன் பிள்ளை. 'என் பிணத்தைத் தாண்டித்தான் எடுக்கணும்'னு சொல்லிச் சிரிச்சே. தமாஷுக்குக் கேக்கறேன்னு நெனச்சுட்டே போல."

பெவர்லிக்கு அது நினைவு வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கு ராத்திரி நான் உள்ள வரல. டிக்கெட் மூணுதான். வெளிய மழைல கார்ல உக்காந்திருந்தேன். திரும்பி வந்து ஷீலா ஒரு கதை சொன்னா. பாடற பையன் ஜெஸ் அவகிட்ட மைக்கை நீட்டினானாம். இவ என்னைப் பத்திச் சொன்னாளாம். கூட இருந்த இவங்க ரெண்டு பேருக்கும் கத்தினதைத் தவிர எதுவும் ஞாபகமில்லையாம். நான் நம்பல. கல்யாணம் ஆகி இத்தனை வருஷமும் அதை வெச்சுக் கேலி பண்ணினேன். ஊர்ல எல்லார்கிட்டயும் அதை இவ விட்ட புளுகுன்னு சொல்லிச் சிரிப்பேன். ஆஸ்பத்திரில கடைசியா சொன்னா, 'அந்த மூணாவது பாட்டைக் கேளுய்யா, நான் பொய் சொல்லல'ன்னு."

"கேட்டீங்களா?"

"இல்ல. உள்ள போட்டேன். ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். பட்டனை அமுக்கக் கை வரல. அதுல அவ இல்லாம போயிட்டா?"

பின் இருக்கையிலிருந்து ஒரு கை நீண்டது. வெள்ளைக் கையுறை போட்ட கை. அது ஒரு கணம் தயங்கியது. பிறகு பெவர்லி கையுறையைக் கழற்றி மடியில் போட்டுவிட்டு, வெறும் விரலால் பட்டனை அமுக்கினாள். மூன்றாவது பாட்டு வரும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

முதலில் கூட்டத்தின் இரைச்சல். கடல் உள்ளே வந்துவிட்டது போலிருந்தது. அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு சிறுமியின் கீச்சுக்குரல்: "ஜெஸ்! இங்க பாரு! நான்தான் ஜனீன்! உன்னைத்தான் கட்டிப்பேன்!"

பெவர்லி மெதுவாகத் திரும்பினாள். கேண்டி சிக்னல் கட்சித் தலைவி காதுவரை சிவந்திருந்தாள்.

"சின்னப் பொண்ணுடி நான்," என்றாள் ஜனீன்.

"இரு, இரு. இதை நான் சாகறவரைக்கும் விடமாட்டேன்."

"ஷ்ஷ்," என்றாள் லோரெய்ன்.

பாட்டு நடுவில் நின்றது. பையனின் குரல் சிரித்தபடி கேட்டது: "முன்வரிசைல யாரும்மா அது, நான் பாடறப்ப கடிகாரத்தைப் பாக்கறது?"

"ஷீலா! சோர்லில இருந்து!"

க்ளிஃபின் கை ஸ்டீயரிங்கிலிருந்து நழுவியது.

"எங்கயாவது அவசரமா போகணுமா ஷீலா?"

"என் ஆளு வெளிய கார்ல காத்துக்கிட்டிருக்கான். உன்னைவிட அழகு அவன்!"

நடனக்கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு மேலே அவள் சிரிப்பு தனியாகக் கேட்டது. பிறகு பாட்டு மறுபடி தொடங்கியது.

க்ளிஃப் அழுதார். மறைக்கவில்லை. ஜனீன் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைமேல் பெவர்லி தன் கையை வைத்தாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு ஹாரன் சத்தம் வந்தது. டாக்ஸிக்காரர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். ஜனீன் கண்ணாடியை இறக்கி, "வேணாம் கண்ணு, போயிட்டு வாங்க. மன்னிச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. க்ளிஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பெவர்லி, கீறல் விழுந்துடுமா?"

"விழட்டும்," என்றாள் பெவர்லி. "இன்னொரு தடவை போடுங்க."