நல்லவளுக்குக் கிடைத்த தீர்ப்பு

அறமானி வசுந்தராவுக்கு நூற்றுக்குப் பதினொன்று போட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஞானசேகருக்கு எழுபத்து நான்கு. இத்தனைக்கும் விவாகரத்துக் கேட்டுக் கையில் மாவுக்கட்டுடன் வந்திருந்தவள் அவள். அந்தக் கையை முறுக்கி உடைத்தவன் அவன்.

குடும்ப நீதிமன்றங்களுக்கு அறமானி வந்து மூன்று வருடம் ஆகிறது. இரும்பு பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. வழக்குகள் குவிகின்றன, நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று அலுத்துப்போன அரசாங்கம், நல்லது கெட்டதை ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கக் கிளம்பியது. எதை வைத்துக் கற்பிப்பது? மக்கள் தினமும் விரும்பிப் பார்ப்பதுதான் மக்களின் தர்மம் என்று ஒரு மேதாவிக் குழு முடிவுகட்டி, ஐம்பது வருடத் தொலைக்காட்சித் தொடர்களை அதற்குள் கொட்டியது. அது ஆளின் முகத்தையும் பேச்சையும் கவனித்துச் சுவர்த்திரையில் நற்குண எண் போடும், தீர்ப்பு எழுதும். நீதிபதி அதை வாசித்துக் கையெழுத்துப் போடுவார்.

கொட்டியவற்றில் பதினான்கு தொடர்கள் வசுந்தரா எழுதியவை.

மதிய இடைவேளையில் அவள் தன் வக்கீல் ஜெசிந்தாவிடம் எரிந்து விழுந்தாள். "எக்ஸ்ரே கொடுத்தோமே, அந்த டப்பா அதைப் பாக்கவே இல்லையா?"

"பாத்துச்சு மேடம். கை ஓங்குற புருஷன் எப்படியும் திருந்திடுவான்னு அது நினைக்குது. நீங்கதான் முடியை வெட்டிட்டு, நிமிந்து நின்னு, அவர் பேசுறப்ப குறுக்க குறுக்கப் பேசுனீங்க."

"குறுக்க பேசுனா வில்லியா? எந்த முட்டாள் சொன்னான்?"

எதிர்த்துப் பேசுகிறவளைக் கடைசியில் நடுத்தெருவில் நிறுத்துவதை இருபது வருடம் வேலையாக வைத்திருந்தது யார் என்று ஊருக்கே தெரியும். 'இந்த ஜனங்களுக்கு இது போதும்' என்று படப்பிடிப்பு யூனிட்டில் சிரித்துக்கொண்டே எழுதியவள் வசுந்தரா. நல்லவள் என்றால் தலைகுனிய வேண்டும், அழ வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒருத்தியை அவள் வாழ்க்கையில் மதித்ததே கிடையாது.

"இந்த எண்ணோட போனா உங்க பொண்ணு நறுமுகை அவர்கிட்ட போயிடுவா மேடம்."

"ஏழு வயசுக் குழந்தை. அது கையையும் உடைப்பான், நாய்."

"அப்ப மதியம் நல்லவளா வாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எதிர்க்கடையில் வாங்கிய நூல் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், வெட்டிய முடியை மறைக்க முக்காடு. வசுந்தரா அப்படித்தான் உள்ளே வந்தாள். ஞானசேகர் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினான். அவள் நிமிரவில்லை. ஒரு கண்ணில் மட்டும் நீர் விட்டாள். நீதிபதி கேட்டதும் குரலை உடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவர் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டுங்கய்யா. என் குழந்தையை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க."

சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. ஆனால் சுவரில் எண் ஐம்பதைத் தாண்டி, எண்பதைத் தாண்டி, தொண்ணூற்றெட்டில் நின்றது. ஞானசேகர் "நடிக்கிறாய்யா இவ!" என்று மேசையைக் குத்தினான். அவனுடையது ஒன்பதுக்கு விழுந்தது. ஜெசிந்தா அவளுடைய நல்ல கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நீதிபதி தீர்ப்பை வாசித்தார். "குழந்தை தாயிடமே இருக்கும். மனுதாரர் உத்தமி என்பதால் விவாகரத்துக் கோரிக்கை தள்ளுபடி செய்யப்படுகிறது. அவர் குழந்தையுடன் இன்றே கணவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவருடைய பொறுமை கணவரைத் திருத்தும்." ஆதாரமாக அவள் எழுதிய பதினான்கு தொடர்களின் கடைசிக் காட்சிகள் இணைக்கப்பட்டிருந்தன.

வசுந்தரா துள்ளி எழுந்தாள். "ஐயா, இவன் என்னைக் கொன்னுடுவான்!"

எண் சட்டென்று அறுபதுக்கு இறங்கியது.

"உக்காருங்கம்மா," என்றார் நீதிபதி, கையெழுத்துப் போட்டபடி. "இன்னும் சத்தம் போட்டீங்கன்னா குழந்தையும் உங்ககிட்ட இருக்காது."

ஞானசேகர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வசுந்தரா உட்கார்ந்தாள். தலை தானாகக் குனிந்தது. இந்த முறை இரண்டு கண்களிலும் நீர் வந்தது, நிறுத்த முடியவில்லை.

அறமானி நூற்றுக்கு நூறு போட்டது.