சுழியில் சிக்கிய பந்து

சுதாஜினி ஸ்கந்தபுரத்துக்கு வந்து இரண்டு மாதமாகிறது. மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்தில் இருந்த அவர்களுடைய லயத்து வீட்டை மண்சரிவு கொண்டுபோய்விட்டது. அம்மா அழகம்மா அவளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் வயலும் வானமும்தான். மலையே இல்லை.

அவளுடைய ஊரில் வீட்டுக்குக் கீழேயே, மலையிலிருந்து விழுந்து வரும் ஒரு சின்ன ஆறு ஓடியது. பிள்ளைகள் வழுக்குப் பாறையில் சறுக்கி, தண்ணீருக்குள் தொபுக்கென்று விழுவார்கள். அதை அவள் வகுப்பில் சொன்னபோது அனோஜன் கேட்டான்.

“ஆறு மலையில இருந்து விழுந்தால் அதுக்கு நோகாதோ?”

வகுப்பே சிரித்தது. அவன் பகிடிக்குத்தான் கேட்டான். ஆனால், அதற்குப் பிறகு சுதாஜினி ஆற்றைப் பற்றிப் பேசவேயில்லை. வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

பின்னேரங்களில் வகுப்புப் பிள்ளைகள் வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் பந்து விளையாடுவார்கள். சுதாஜினி கரையில் தனியே இருப்பாள்.

“நீயும் வாவன்” என்று பிரியந்தினி ஒருமுறை கூப்பிட்டாள். சுதாஜினி வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு யாரும் கூப்பிடவில்லை.

ஒருநாள் அனோஜன் ஓங்கி அடித்த பந்து தண்ணீரோடு போய் மதகுக்குள் நுழைந்தது. மறுபக்கம், தண்ணீர் இரைச்சலோடு விழும் ஆழத்தில் அது சுற்றத் தொடங்கியது.

“ஐயோ, நாளைக்குக் கரப்பந்துப் போட்டி! ரீச்சர் என்னை நம்பித் தந்த பந்து!” பிரியந்தினிக்கு அழுகை வந்துவிட்டது. “நான் குதிச்சு எடுக்கப்போறன்.”

“எறங்காத!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது சுதாஜினி.

“அது சுழி. ஆளையும் உள்ள இழுத்துரும். கொஞ்சம் பொறு.”

வேலியோரம் கிடந்த நீளமான தென்னோலையை அவள் இழுத்து வந்தாள். கரையில் குந்தியிருந்து, ஓலை நுனியைத் தண்ணீரில் குறுக்கே வைத்தாள்.

“தள்ளிவிடன்!” என்றான் அனோஜன்.

“தள்ளினா நடுவுக்குப் போயிரும். அதுவா சுத்தி வரட்டும்.”

பந்து ஒருமுறை சுற்றியது. தப்பிப் போனது. இன்னொருமுறை சுற்றியது. மூன்றாம் முறை வந்து ஓலைக்குள் சிக்கிக்கொண்டது. அவள் மெல்ல மெல்லக் கரைக்கு இழுத்தாள்.

பிரியந்தினி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “இதெல்லாம் எங்கை பழகினனி?”

“எங்க ஆத்துல” என்றாள் சுதாஜினி.

“அங்கை வேறை என்ன விளையாடுவியள்?” இந்தமுறை அனோஜன் பகிடிக்குக் கேட்கவில்லை.

“கல்லு அடுக்கி குட்டிக் குளம் கட்டுவோம். அதுல இலைப் படகு விடுவோம். ஆனா இங்க கல்லே இல்லியே?”

“களிமண் கிடக்கு, வேணுமெண்ட அளவுக்கு!” என்றான் அனோஜன்.

எல்லோரும் முழங்கால் தண்ணீருக்குத் திரும்பினார்கள். சுதாஜினி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் முறையாக வாய்க்காலில் இறங்கினாள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஊர் ஆற்றைப் போலச் சில்லென்று இல்லை. ஆனாலும், அம்மா வந்து இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் அவள் கரையேறினாள்.