எல்லாரும் நூற்றுக்கு நூறு

பம்பரத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஓரிடத்தில் உட்காரவே மாட்டாள் என்பதால்தான் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். ஆனால் அன்று அவள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்த நடையைப் பார்த்து அம்மாவுக்கே தலை சுற்றியது.

காரணம் சித்தி. அவர் ஊட்டச்சத்து ஆராய்ச்சி செய்பவர். உணவுப் பாக்கெட்டின் பின்பக்கம் அச்சிட்டிருப்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு புரிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. காலையில் பம்பரத்தின் வகுப்புக்கே வந்து கேள்வித்தாள் கொடுத்திருந்தார். இப்போது வீட்டுக் கூடத்து மேசையில் விடைத்தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருமே நூத்துக்கு நூறு. எங்கேயும் இப்படி வந்ததில்ல," என்றார் சித்தி. "இதை நம்பி நான் எழுதினா, பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும், இனிமே சொல்லித்தரவே வேண்டாம்னு விட்டுடுவாங்க."

நடந்தது பம்பரத்துக்குத் தெரியும். சித்தி கேள்விகளை டீச்சருக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தார். வகுப்பின் மானம் போய்விடக் கூடாதே என்று டீச்சர் விடைகளைப் பலகையில் எழுதி, எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார்.

சொன்னால் டீச்சரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அந்த டீச்சர் என்றால் அவளுக்கு உயிர். சொல்லாவிட்டால் சித்தியின் ஆராய்ச்சியே பொய்யாகிவிடும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"சித்தி, கேள்வித்தாள் வேண்டாம். பாக்கெட்டையே கையில குடுத்துப் பாருங்களேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பாக்கெட்டை யாரும் மனப்பாடம் பண்ண மாட்டாங்க."

சித்தி அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு விடைத்தாள்களை அடுக்கி ஒதுக்கிவைத்தார்.

மறுநாள் வகுப்பில் ஒரு கடையே முளைத்தது. பிஸ்கட், பழச்சாறு, சிப்ஸ் என்று பாக்கெட்டுகளை மேசையில் அடுக்கினார் சித்தி. "சர்க்கரை குறைச்சலா இருக்கறதை எடுங்க பார்ப்போம்."

ஒரே தள்ளுமுள்ளு. குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப் பையன் பழச்சாற்றைத் தூக்கினான். "இலைப் படம் போட்டிருக்கு. நல்லதாத்தான் இருக்கும்."

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "படத்தைப் பார்த்தா எடுக்கறது? பின்னாடி படிடா. இதோ, இந்த பிஸ்கட்ல வெறும் எட்டு கிராம்தான்."

மற்ற பாக்கெட்டுகளை ஏற்கெனவே திருப்பிப் பார்த்திருந்த பம்பரம் அதையும் வாங்கித் திருப்பினாள். "டீச்சர், அது ஒரு பங்குக்கு. உள்ளே மூணு பங்கு இருக்குன்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. மொத்தம் இருபத்துநாலு. இங்கே இருக்கறதுலயே இதுதான் அதிகம்."

"இதைப் போய் யாரு மூணு பங்கு போடுவா?" என்றான் குண்டூசி. "பிரிச்சா நான் காலி பண்ணிட்டுத்தான் எழுந்திருப்பேன்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். பிறகு சித்தியிடம் போய்த் தணிந்த குரலில், "நேத்து எழுதினதையெல்லாம் கிழிச்சுடுங்க மேடம். விடை எல்லாம் நான் எழுதிப் போட்டது. எனக்கே இது தெரியலையே," என்றார்.

பம்பரத்துக்கு அப்பாடா என்றிருந்தது.

சித்தி கோபப்படவில்லை. யார் எதை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். தப்புக்கு மேல் தப்பாக வந்தது. அவர் முகமோ மலர்ந்துகொண்டே போனது.

"அடுத்த பாக்கெட்," என்றார். "டீச்சர், நீங்களும் வாங்க."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குண்டூசிக்குப் பின்னால் வரிசையில் நின்றார். "கொஞ்சம் தள்ளிக்கோடா," என்றார். "எனக்கு எழுத்து தெரியல."