கணுக்காலைப் பிடித்த கை

மதியச் சாப்பாடு முடிந்து கண்ணயரும் நேரம். வானம் கறுத்துக்கொண்டு வந்ததில் ஷெட்டுக்குள் விளக்குப் போட வேண்டியதாயிற்று. மகள் காரை மெல்ல உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். மறுநாள் விடிந்ததும் அந்தக் காரில்தான் அவள் வெளியூர் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

"இன்னும் அப்படியேதான்பா. மிதிச்சா பஞ்சு மேல கால் வெச்ச மாதிரி உள்ள போகுது."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. ஊர் வண்டிக்கெல்லாம் பிரேக் பார்க்கிறவர், பாவம், பெற்ற பெண்ணின் வண்டியோடு ஒரு வாரமாக மல்லுக்கட்டுகிறார். மாஸ்டர் சிலிண்டரை மாற்றியாகிவிட்டது. பிரேக் ஆயில் போகும் ஹோஸ்களையும் மாற்றியாகிவிட்டது. சக்கரங்களைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார்; ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. அடுத்தடுத்து மிதித்தால் பெடல் மேலே வருகிறது. சற்று விட்டு மிதித்தால் மறுபடி உள்ளே போகிறது. குழாய்க்குள் காற்று இருக்கிறது என்று அர்த்தம். எடுக்க எடுக்க அது எங்கிருந்துதான் வருகிறது?

காற்றெடுப்பது ஒற்றை ஆள் வேலை அல்ல. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடும்வரை மிதித்த கால் எழும்பக் கூடாது. எழும்பினால் போன காற்று திரும்ப ஏறிவிடும். போன மழைக்காலம்வரை மிதிக்க அவர் மனைவி இருந்தாள். சமையலைப் பாதியில் விட்டு, ஈரக் கையோடு ஓடிவந்து உட்காருவாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

"மிதிம்மா. பிடிச்சுக்கோ."

"பிடிச்சிருக்கேன்."

முன்சக்கரத்து நிப்பிளைத் திறந்தார். அதில் மாட்டியிருந்த கண்ணாடி டியூபில் குமிழிகள் வரிசையாக வெளியே வந்தன. நின்றன.

பிறகு, ஒவ்வொன்றாக, வந்த வழியே திரும்பின.

"நான் மூடறதுக்குள்ள காலை ஏன் எடுக்குற? நாளைக்கு மலைப்பாதையில இறங்கப்போறவ நீ."

நிப்பிளை மூடிவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"தூங்கிட்டியா மகாராணி?"

"அப்பா." குரல் தாழ்ந்திருந்தது. "நான் எடுக்கலப்பா."

"பின்ன யாரு எடுத்தா?"

"ஒரு கை. என் கணுக்காலைப் பிடிச்சு மெதுவா மேல தூக்குது. கை ஈரமா இருக்குப்பா."

தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது. அவர் ஊர்ந்து வந்து கார்க் கதவோரம் குனிந்தார்.

மகளின் கணுக்காலில் தோல் விரல் விரலாக அமுங்கியிருந்தது.

அமுக்கிய விரல்களைக் காணோம்.

பிரேக் ஆயில் நாற்றத்தைத் தாண்டி, வதங்கும் வெங்காயத்தின் வாசனை வந்தது. வீட்டில் காலையிலிருந்து அடுப்பே பற்றவைக்கவில்லை; மதியச் சாப்பாடும் கடையில் வாங்கியதுதான்.

"நீ உள்ள போம்மா," என்றார். "ஊருக்குத் துணியெல்லாம் எடுத்து வை."

அவள் போனதும் காலி சீட்டின் முன்னால் குந்தினார்.

"நீதானே?"

சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் அனுப்ப ஆசையா? போனப்புறமும் வீட்ல நீ இருக்கேங்கற தைரியத்துலதான் தலையாட்டினேன். நாளைக்குப் போகலன்னா வேற ஆளை எடுத்துடுவாங்க. படிச்ச படிப்புக்கு இங்க அவளுக்கு என்ன இருக்கு?" பெடலில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் துடைத்தார். "அவ்வளவு பயமா இருந்தா, நீயும் கூடப் போயேன். நான் எப்படியோ பாத்துக்கறேன்."

வெங்காய வாசனை மெல்லத் தேய்ந்து போயிற்று.

திரும்பப் படுத்தவர் பழக்கதோஷத்தில் "மிதி" என்றார்.

காலி சீட்டுக்குக் கீழே பெடல் இறங்கும் சத்தம் கேட்டது.

குமிழிகள் வந்தன. இந்த முறை ஒன்றுகூடத் திரும்பவில்லை. எல்லாச் சக்கரமும் முடிந்தபோது பெடல் கல்லாக நின்றது.

மறுநாள் மதியம் போன் வந்தது.

"வந்து சேர்ந்துட்டேன்பா. பிரேக் பிரமாதம். சீட்டுதான் படுத்துது. பின்னால தள்ளித் தள்ளி விடறேன், திரும்ப முன்னால வந்துடுது. ஸ்டியரிங்ல முட்டி இடிக்குது."

அம்மா குள்ளம். ஸ்டியரிங்கை ஒட்டித்தான் உட்காருவாள். மகள் அப்பாவின் உயரம்.

"சீட் லாக் சரியா விழுந்துச்சா?"

"விழுந்துச்சுப்பா. இப்போ வண்டியை நிறுத்திட்டு வெளியிலதான் நிக்கறேன்." குரல் கிசுகிசுப்பாயிற்று. "அப்பா, இப்பவும் நகருது."

அவர் சமையலறையில் நின்றிருந்தார். கவிழ்த்த பாத்திரங்கள் காய்ந்து கிடந்தன. மூச்சை இழுத்துப் பார்த்தார். எந்த வாசனையும் இல்லை.

"தள்ளாதம்மா," என்றார். "முட்டி கொஞ்சம் இடிக்கும். பொறுத்துக்கோ."