வியாழக்கிழமைக் கோளாறு

போன் அலறியது!

முத்லக் பாய்ந்து எடுத்தார்.

மஆன் ஊருக்கு வெளியே, பாலைவன நெடுஞ்சாலையோரம் ஒற்றைக் கடை. கார் எலக்ட்ரீஷியன். வயது அறுபத்திரண்டு. மனைவி மண்ணுக்குள்... மகன் குவைத்தில். வாரத்தில் ஆறு நாள் அவரோடு பேசுவது ரேடியோ மட்டும்தான்.

வியாழக்கிழமை மட்டும் மதியம் போன் வரும். முன்னாள் லாரி டிரைவர் சுவைலிம். 'வண்டி மறுபடியும் நின்னுடுச்சுடா, வந்து இழுத்துட்டுப் போ!'

பதினோரு மாதமாக இதே கதை.

"சொல்லுடா! இன்னைக்கு எங்க நிக்கிற?"

"ஹாஜி... நான் இன்ஸ்பெக்டர் ரக்கான்."

முத்லக்கின் சிரிப்பு உறைந்தது.

"சுவைலிம் உங்க ஃப்ரெண்டுதானே?"

"ஆமா. அவன்தான்னு நினைச்சு எடுத்தேன். டீ கொதிச்சிட்டிருக்கு."

"அடுப்பை அணைச்சிட்டுக் கிளம்புங்க ஹாஜி..."

இரண்டு கிலோமீட்டர். சாலை வளைவு. அந்தப் பழைய வெள்ளைக் கார், பானெட்டைத் திறந்தபடி நின்றது.

பக்கத்தில் ஒரு போர்வை. அதற்கு வெளியே ஒரு கை... விரல்கள் இறுக மடங்கி!

முத்லக் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஹார்ட் நின்னுருக்கு," என்றார் டாக்டர். "இந்த வெயிலும் சேர்ந்துடுச்சு."

ரக்கான் குனிந்தார். "கார் தானா நின்னுச்சா, இல்ல யாராவது நிக்க வெச்சாங்களா? அதை நீங்கதான் சொல்லணும் ஹாஜி."

"யாரு மேலயாவது சந்தேகமா?"

ரக்கான் கண்ணைக் காட்டினார். ஜீப்புக்குப் பக்கத்தில், விலங்கோடு ஓர் இளைஞன். சுவைலிமின் தங்கை மகன் ஹாயில்.

"போன வாரம் மசூதி வாசல்ல கத்தியிருக்கான். 'இந்த வண்டியோட ரோட்லயே கிடந்து சாவீங்க'ன்னு!"

"வேற வண்டி வாங்குங்க மாமான்னு கெஞ்சினேன் சார்! கேக்கலைன்னு கத்தினேன்!" ஹாயில் விம்மினான்.

முத்லக் எழுந்தார். சாவியைத் திருப்பினார்.

பின்பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனக வேண்டும்.

முனகவில்லை!

ஃப்யூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. பம்ப் முனையில் டெஸ்ட் லாம்ப்பை வைத்தார். இருட்டு! கரன்ட் வரவில்லை.

பம்ப்புக்குக் கரன்ட் அனுப்பும் ரிலேயைப் பிடுங்கினார். அது இருந்த இடத்தில் ஒரு துண்டு ஒயரால் இரண்டு முனைகளை இணைத்தார்.

ம்ம்ம்ம்...

பம்ப் முனகியது!

"ரிலேதான் சார் போயிருக்கு."

"பழைய வண்டி. தானா போயிருக்கலாமே?"

முத்லக் கையிலிருந்த ரிலேயைத் திருப்பினார். முகம் மாறியது.

"இது இந்த வண்டியோடது இல்ல! போன மாசம் நான் இதுக்குப் புது ரிலே போட்டேன். நீலப் பெயின்ட் தொட்டு வெச்சேன். மூலை உடைஞ்ச இது... என் கடைக் குப்பை டப்பாவுல கிடந்தது!"

"அந்த டப்பாகிட்ட யார் வந்தது?"

முத்லக் திரும்பினார். கண்கள் எரிந்தன.

"இவன் வந்தான் சார். செவ்வாய்க்கிழமை!"

"மாமா எப்படி இருக்கார்னு கேக்கத்தானே வந்தேன்!" ஹாயில் அலறினான்.

"வண்டில ஏத்துங்க இவனை!" என்றார் ரக்கான்.

"ஒரு நிமிஷம் இன்ஸ்பெக்டர்!" டாக்டரின் குரல். "கைக்குள்ள ஏதோ இருக்கு..."

விரல்களைப் பிரித்தார்.

கறுப்பாய் ஒரு சின்னச் சதுரம். தலையில் நீலப் பெயின்ட்!

நல்ல ரிலே... செத்தவரின் கைக்குள்!

முத்லக் காருக்குள் பாய்ந்தார். டேஷ்போர்டு அறையைக் குடைந்தார். ஒரு புகையிலை டப்பா. உள்ளே எரிந்த ஃப்யூஸ்கள், அறுந்த ஒயர்... மடித்த காகிதம் ஒன்று.

சுவைலிமின் கோணல் கையெழுத்தில் நீண்ட பட்டியல். கடைசி மூன்று வரிகள்:

'ஃப்யூஸ் – பத்தே நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டான். ஒரு டீதான்.

எர்த் ஒயர் – ஒண்ணரை மணி நேரம். மூணு டீ. நல்லாப் பேசினான்.

ரிலே – இந்த வியாழன். இருட்டுற வரைக்கும் தாங்கும்னு நினைக்கிறேன்.'

எழுத்துகள் கலங்கின.

"என்ன ஹாஜி அது?"

காகிதத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துவிடலாம். பதினோரு மாதம் ஏமாந்த எலக்ட்ரீஷியன் என்று ஊர் சிரிக்காது...

ஹாயிலின் மணிக்கட்டைப் பார்த்தார். விலங்கு பட்டுச் சிவந்திருந்தது.

நீட்டினார்.

"பையனை விட்டுடுங்க சார். மாத்திப் போட்டது சுவைலிமேதான். போன வியாழன் டீ குடிக்க வந்தப்போ டப்பாவுல எடுத்திருக்கான். போட்டுட்டு எனக்குப் போன் பண்ணணும். அதுக்குள்ள..."

ரக்கான் இரண்டு முறை படித்தார். விலங்கு கழன்றது. ஹாயில் போர்வையருகே போய் விழுந்தான்.

"அவர் வீட்ல வேற யாரு?"

"யாரும் இல்ல சார். என் வீடு மாதிரியேதான்."

"வந்தா பேசமாட்டேன்னா சொல்லியிருப்பீங்க? எதுக்கு இப்படி ஒரு நாடகம்?"

"காரணம் இல்லாம இன்னொருத்தன் வாசல்ல போய் நிக்க எங்களுக்கெல்லாம் வெக்கம் சார்."

ரக்கான் பேனாவை எடுத்தார்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதறது?"

"கார்ல கோளாறே இல்லன்னு எழுதுங்க."

முத்லக் குனிந்து, விறைத்துப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படுபாவி! வண்டில இல்லாத கோளாறையெல்லாம் வாராவாரம் காட்டினான் சார்... நெஞ்சுல இருந்ததை மட்டும் காட்டவே இல்ல!"